பூட்டிய கதவும் லாபக் கணக்கும்

ஆலையில் இயந்திரத்துக்குத் தடுப்பு போட வேண்டும், அவசர வழி ஒன்று திறக்க வேண்டும் என்று பாதுகாப்பு ஆலோசகர் சொன்னால், முதலாளியிடமிருந்து முதலில் வருவது ஒரே கேள்விதான்: "எவ்வளவு செலவாகும்?" ஆலோசகரும் பணத்தின் மொழியிலேயே பதில் சொல்கிறார். ஒரு விபத்து நடந்தால் இழப்பீடு, மருத்துவச் செலவு, வழக்கு, நின்றுபோகும் உற்பத்தி, புது ஆளைப் பழக்கும் நாட்கள். எல்லாவற்றையும் கூட்டினால் தடுப்பின் விலை அற்பம். முதலாளி சம்மதிக்கிறார். உயிரைக் காக்கச் சொல்வதற்கு லாபத்தைக் காரணம் காட்டுவது முறையா?

விளைவை மட்டும் பார்த்தால் குறையில்லை. கை தப்பிய தொழிலாளிக்கு, தடுப்பு இரக்கத்தால் வந்ததா கணக்கால் வந்ததா என்பது பொருட்டல்ல. முதலாளியின் மனம் கனியும்வரை காத்திருந்தால் அதற்குள் எத்தனை விரல்கள் போகுமோ!

ஆனால் கணக்கு எப்போதும் உயிரின் பக்கம் சாய்வதில்லை. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதிப்பதற்காக, எல்லோரும் மற்றொரு வழியாகவே வெளியேற வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த இளம்பெண்கள். உரிமையாளர்கள் இருவரும் வழக்கிலிருந்து விடுதலையானார்கள். இழப்புக்கு மேல் அவர்கள் பெற்ற காப்பீட்டுத் தொகையை வகுத்தால் இறந்தவர் ஒருவருக்குச் சுமார் 400 டாலர். 1914இல் குடும்பங்களுக்குக் கிடைத்தது தலைக்கு 75 டாலர். இடையே 1913இல் உரிமையாளர்களில் ஒருவர் மறுபடியும் கதவைப் பூட்டிவைத்து மாட்டிக்கொண்டார். அபராதம் 20 டாலர்.

லாபத்தை மட்டுமே நம்பிப் பேசும் ஆலோசகர் இந்த முதலாளியிடம் என்ன சொல்வார்? மிச்சமாகும் என்பதால் பாதுகாப்பு வேண்டும் என்றவர், மிச்சமாகாவிட்டால் வேண்டாம் என்பதையும் ஒப்புக்கொண்டவராகிறார். கூலியும் இழப்பீடும் குறைவாக உள்ள இடத்தில் இந்த வாதம் இன்னும் மெலிந்துபோகும். எளியவரின் உயிருக்கே அது குறைந்த விலை போடும்.

இதற்கு நேர்மாறாக நடந்தவரும் உண்டு. அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் தலைமைக்கு 1987இல் வந்த பால் ஓ'நீல், முதலீட்டாளர்களிடம் லாபத்தைப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பேசினார். கேட்டவர்கள் மிரண்டார்கள். பாதுகாப்பால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடவே கூடாது எனத் தம் நிதி அதிகாரிகளிடம் கண்டித்ததாகப் பின்னாளில் அவரே உரைகளில் சொன்னார். கணக்குப் போட்டால், தொழிலாளி அதை நிர்வாகத்தின் பணத் தந்திரம் என்றே எடுத்துக்கொள்வான் என்பது அவர் எண்ணம். 2000இல் அவர் விலகியபோது காயங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. நிறுவனத்தின் ஆண்டு நிகர வருமானம் ஐந்து மடங்காகியிருந்தது. லாபம் வந்தது, ஆனால் அதைக் காட்டி அவர் பாதுகாப்பை விற்கவில்லை.

எனவே கணக்கைப் பேசுவது பாவமல்ல. தயங்கும் முதலாளியின் கதவைத் திறக்க அது நல்ல சாவி. ஆனால் உள்ளே நுழைந்தபின், தொழிலாளி வந்தபடியே வீடு திரும்புவது அவனுடைய உரிமை, லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மாறாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கணக்கு எதிராக வந்தாலும் இதே தடுப்பைக் கேட்பேனா என்று ஆலோசகர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். கேட்பேன் என்று சொல்ல முடிந்தவர் தாராளமாக லாபத்தைப் பற்றிப் பேசலாம்.