தரிசும் தண்டவாளமும்

வாஷிங்டன் மாநிலம் என்றதும் மழை நினைவுக்கு வரும். அது சியாட்டில் பக்கத்துச் சங்கதி. கேஸ்கேட் மலையைத் தாண்டிக் கிழக்கே வருவதற்குள் மேகத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. லிங்கன் கவுண்டியின் மேற்கு ஓரத்தில் வருஷம் முழுக்கப் பெய்தது 12 அங்குலம் தேறினாலே நல்ல வருஷம். அதனால் அங்கே கோதுமைக்காரர்கள் ஒரு நிலத்தில் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் விதைக்கிறார்கள். ஆகஸ்டில் அறுத்த நிலத்தில் அடுத்த விதைப்பு மறு வருஷம் செப்டம்பரில். நடுவில் 13 மாதம் தரிசு.

பார்ப்பதற்குத்தான் சும்மா கிடக்கிறது. பனிக்காலத்து ஈரத்தை அடிமண்ணில் பிடித்து வைப்பதுதான் அந்த 13 மாதத்து வேலை. விதைக்கிற அன்று விதை அந்த ஈரத்தைத் தொட்டாக வேண்டும். அதற்காக நாலைந்து அங்குல ஆழத்துக்குக்கூட விதையை இறக்குவார்கள்.

இந்தத் தரிசுக்கும் பயிருக்கும் ஊடே ஓர் ஒற்றை ரயில் பாதை போகிறது. அதுவும் பெரும்பாலான நேரம் சும்மாதான் கிடக்கிறது.

*

செனீயிலிருந்து கூலீ சிட்டி வரை 108 மைல். நார்தர்ன் பசிபிக் கம்பெனி 'சென்ட்ரல் வாஷிங்டன்' என்ற பெயரில் போட்ட பாதை. 1890-இல் கூலீ சிட்டியை எட்டியது. இன்றும் அதை சி.டபிள்யூ. கிளை என்றுதான் சொல்கிறார்கள். ரியர்டன், டேவன்போர்ட், கிரெஸ்டன், வில்பர், ஆல்மைரா, ஹார்ட்லைன் என்று வழியில் சின்னச் சின்ன ஊர்கள். எந்த ஊரிலும் முதலில் கண்ணில் படுவது தானியக் கிடங்குதான். கான்கிரீட் உருளைகள், சில இடங்களில் பக்கத்திலேயே தகரம் அடித்த பழைய மரக் கிடங்கு. ஊர் அதற்கப்புறம்தான் தெரியும்.

பாதை முடிகிற இடம் விசேஷமானது. கூலீ சிட்டிக்குத் தென்மேற்கே கொஞ்ச தூரத்தில் டிரை ஃபால்ஸ் இருக்கிறது. மூன்றரை மைல் அகலம், 400 அடி உயரம், சொட்டுத் தண்ணீர் கிடையாது. பனியுகத்தின் கடைசியில் மிசௌலா என்ற ஏரி திரும்பத் திரும்ப உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் குடைந்துபோன பாறை அது. பெருவெள்ளம்தான் காரணம் என்று ஜே ஹார்லன் பிரெட்ஸ் 1923-இல் எழுதத் தொடங்கியபோது மற்ற புவியியலாளர்கள் ஏற்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் இறங்கி வந்தார்கள். வெள்ளம் வழித்துக்கொண்டு போன இடமெல்லாம் கரும்பாறை. அது தொடாமல் விட்ட மேடுகளில், காற்று கொண்டுவந்து சேர்த்த பொடிமண் அப்படியே இருக்கிறது. கோதுமை நிற்பது அந்த மண்ணில்.

*

தண்டவாளத்தின் பக்கவாட்டில் எழுத்து இருக்கும். குனிந்து கையால் துடைத்தால் உருக்காலையின் பெயர், ஒரு கஜத்துக்கு எத்தனை பவுண்டு எடை, உருவாக்கிய ஆண்டு எல்லாம் தெரியும். ஆண்டுக்குப் பக்கத்தில் மேடாகச் சில கோடுகள், மாதத்துக்கு ஒன்றாக. ஐந்து கோடு இருந்தால் மே மாதம். இந்த மாதிரிக் கிளைப் பாதைகளில் நூறு வயதைக் கடந்த தண்டவாளம் அதிசயமில்லை. வண்டி வராத நாட்களில் மேல்பரப்பில் மெல்லிய செந்துரு படரும். ஒரு வண்டி போய்விட்டால் நடுவில் பளபளவென்று கோடு விழும். கடைசியாக வண்டி எப்போது போனது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இன்றைய பெரிய வேகன் சரக்கோடு சேர்ந்து 2,86,000 பவுண்டு. பாதை போட்டவர்கள் அந்த எடையைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டை உளுத்த இடங்களில் வேகத்தைக் குறைக்கிறார்கள். மத்திய ரயில்வே விதிப்படி முதல் வகுப்புப் பாதையில் சரக்கு வண்டி மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக் கூடாது. (முதல் வகுப்பு என்றால் உசத்தி என்று எண்ண வேண்டாம், அங்கே எண் ஏற ஏறத்தான் பாதை உசத்தி.) சைக்கிளில் போகிறவர் முந்திவிடலாம்.

*

வேகனில் கோதுமை ஏற்றுவதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். வேகனின் உச்சியில் நீளவாக்கில் மூடி. இடுப்பில் வார் பூட்டிய ஆள் மேலே ஏறி அதைத் திறக்கிறார். கிடங்கின் குழாய் நகர்ந்து வந்து வாய்க்கு நேரே நிற்கிறது. முதலில் விழும் கோதுமை வெற்று இரும்பில் ஆலங்கட்டி மழையாகக் கொட்டும். கொஞ்ச நேரத்தில் கோதுமையின் மேலேயே கோதுமை விழத் தொடங்க, சத்தம் மட்டுப்பட்டு மெத்தென்று ஆகிவிடும். ஓர் அறை நிறைந்ததும் வேகனைச் சற்று நகர்த்தி அடுத்த அறை. தூசி கண் இமையில் படிகிறது. சுமார் நூறு டன் ஏறியதும் வேகன் ஸ்பிரிங்கில் அழுந்தி உட்கார்ந்திருப்பது பார்த்தாலே தெரியும்.

பெரும்பாலும் இது சாஃப்ட் ஒயிட் ரகம். புரதம் குறைவு, ரொட்டிக்கு அவ்வளவாக ஆகாது. கேக், பிஸ்கட், நூடுல்ஸ் என்று போகும். ஜப்பான், பிலிப்பைன்ஸ், தென் கொரியா எல்லாம் வாங்குகின்றன. ஜப்பானியரின் ஸ்பாஞ்ச் கேக்குக்காக, 'கிளப்' என்ற கட்டைக் கதிர் ரகத்தையும் சேர்த்துக் கலந்து அனுப்புகிறார்கள். விளைகிற மண்ணில் அதைத் தின்பவர்கள் குறைவு.

*

பெரிய ரயில் கம்பெனிகளுக்கு இந்த மாதிரிக் கிளைகள் பாரம். 1980-இல் ரயில் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய ஸ்டாகர்ஸ் சட்டம் வந்த பிறகு அவற்றைக் கைகழுவுவது சுலபமாயிற்று. அதே வருஷம் மில்வாக்கி ரோடு என்ற ரயில் கம்பெனி தன் மேற்குப் பாதையையே விட்டுவிட்டுப் போனது. இந்த மாநிலத்தில் அது போன தடத்தில் இப்போது நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகிறார்கள். சி.டபிள்யூ. கிளை 1996-இல் ஒரு சிறு கம்பெனியின் கைக்கு வந்தது. 2004-இலும் 2007-இலுமாக மாநில அரசே இதையும் மாநிலத்தின் தென்கிழக்கே பலூஸ் பக்கத்துக் கிளைகளையும் வாங்கிக்கொண்டது. மொத்தம் 297 மைல். தண்டவாளம் அரசுடையது, வண்டி ஓட்டுவது தனியார்.

அதற்கும் முன்னால் 1994-இல், வேகன் கிடைக்காமல் விவசாயிகள் திண்டாடியபோது, மாநிலம் 29 பழைய வேகன்களை வாங்கி 'கிரெய்ன் டிரெயின்' என்று விட்டது. வாடகை வருமானத்தில் பெருகி இப்போது நூறுக்கு மேல்.

தரிசு நிலத்துக்கு நேரே நஷ்டம் என்று எழுத அந்த ஊரில் ஒருவருக்கும் கை வராது. பாதைக்கு நேரே மட்டும் எழுதுகிறார்கள். வண்டி ஓடாத நாளிலும் பாதைக்கு ஒரு வேலை உண்டு. லாரிக் கூலியை அது தன் போக்கில் ஏற விடாது. லாரி வேண்டாம், ரயிலில் அனுப்பிக்கொள்கிறேன் என்று விவசாயி சொல்ல முடிகிறதே, அது போதும். கவுண்டியின் தார்ச்சாலை நொறுங்காமல் இருப்பதும் இதில் சேர்த்தி. நேராமல் போன செலவை எந்தப் பத்தியில் எழுதுவது? அரசு வாங்கியது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. செனீக்குப் பக்கத்தில் ஃபோர் லேக்ஸில் 110 வேகன் வண்டியை அப்படியே நிரப்பி அனுப்பும் வட்டப் பாதைக் கிடங்கு வந்திருக்கிறது. பெரிய கம்பெனிக்குப் பிடித்த வியாபாரம் அதுதான். அங்கே கிளைப் பாதையும் தானியம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, லாரியும் சேர்க்கிறது. ஒருமுறை லாரியில் ஏற்றிவிட்டவர் தன் ஊர்க் கிடங்கில் நிறுத்துவாரா, நேரே ஃபோர் லேக்ஸுக்கே ஓட்டிவிடுவாரா? ஆல்மைராவுக்கு அப்பால் பாதை எத்தனை நாள் என்பது அதைப் பொறுத்தது.

*

தெற்கே ஸ்நேக் ஆறு. 1961-க்கும் 1975-க்கும் இடையில் அதன் கீழ்ப்பகுதியில் நாலு அணை முடிந்து, கடலிலிருந்து 465 மைல் உள்ளே இருக்கும் லூயிஸ்டன் ஊர் துறைமுகமாகிவிட்டது. ஒரு பார்ஜ், அதாவது சரக்குப் படகு, சுமார் 3,500 டன் சுமக்கும். ஆற்றுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அதுதான் மலிவு. பலூஸ் பக்கத்துக் கிளைகள் மெலிந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

அணைகளால் சால்மன் மீன் அழிகிறது, அவற்றை உடைக்க வேண்டும் என்று நெஸ் பெர்ஸ், யாகமா முதலிய பழங்குடிகள் போராடுகிறார்கள். 2023 டிசம்பரில் மத்திய அரசு அவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. 2025 ஜூனில் அடுத்து வந்த அரசு அதிலிருந்து விலகிக்கொண்டது. மீன் பக்கம் நிற்பவர்கள், பார்ஜில் போகும் கோதுமையை ரயிலில் அனுப்பலாமே என்கிறார்கள். எந்த ரயிலில் என்றால் இந்தக் கிளைகளைத்தான் காட்ட வேண்டும். மணிக்கு 10 மைலில் என்னத்தை அனுப்புவது என்பது கோதுமைக்காரர் கேள்வி. அணை நின்றாலும் போனாலும் உளுத்த கட்டையை மாற்றியாக வேண்டும். மாநிலச் சட்டமன்றம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பட்ஜெட் போடுகிறது; வருகிற பணத்தில் முதலில் பாலமா, கட்டையா என்று பார்த்துத்தான் கை வைக்க முடிகிறது.