புதிய சூதாட்டத் தளம் நல்லதா என்று எடைபோடுவோருக்கு

 



இன்று நம் இளைஞர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வியைப் பற்றிப் பேசப் போகிறோம். "புதுசா ஒரு கேசினோ ஆப் வந்திருக்காமே, நல்லதா? பணம் ஒழுங்கா வருதா?" இதுதான் அந்தக் கேள்வி. கேட்பவர் குடிகாரரோ ஊதாரியோ அல்ல. கல்லூரியில் படிக்கும் பிள்ளை, கடையில் கணக்கு எழுதும் தம்பி, வளைகுடாவில் ஓர் அறையில் ஆறு பேரோடு தங்கி உழைக்கும் சகோதரர். ஏமாந்துவிடக் கூடாதே என்று எச்சரிக்கையாகத்தான் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியையே இன்று தராசில் வைத்துப் பார்ப்போம்.

அன்றும் ஒரு கேள்வி

மது, சூதாட்டம் ஆகிய இரண்டையும் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் மக்கள் கேட்டபோது, அல்லாஹு தஆலா அல்பகரா அத்தியாயத்தின் 219-வது வசனத்தில் பதில் தந்தான். அந்தப் பதிலைக் கவனியுங்கள். அவற்றில் பலனே இல்லை என்று அல்லாஹ் சொல்லவில்லை. மனிதர்களுக்குச் சில பலன்களும் உண்டு, ஆனால் பாவம் அந்தப் பலனைவிடப் பெரியது என்றான்.

அது என்ன பலன்? அறியாமைக் காலத்து அரபிகளின் சூதாட்டத்தை தஃப்ஸீர் ஆசிரியர்கள் விவரிக்கிறார்கள். ஒட்டகத்தை அறுத்துக் கூறுபோடுவார்கள். ஒரு பையில் பத்து அம்புகள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு இல்லை. வெறும் அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கட்ட வேண்டும். வென்றவர்களோ அந்த இறைச்சியைத் தாங்கள் சாப்பிடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அதைப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

சகோதரர்களே, அந்தச் சூதாட்டத்தில் ஏழையின் அடுப்பாவது எரிந்தது. அதையே அல்லாஹ் தடுத்துவிட்டான். அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91-வது வசனங்களில் மது, சிலைகள், குறி பார்க்கும் அம்புகள் ஆகியவற்றோடு சூதாட்டத்தையும் சேர்த்து, அது ஷைத்தானின் அசுத்தச் செயல் என்றான். இறைச்சி கொடுத்த சூதாட்டத்துக்கே அந்தத் தீர்ப்பு என்றால், கொடுக்காமல் எடுத்துக்கொண்டே இருக்கும் இந்தச் சூதாட்டத்தின் நிலை என்ன?

உங்கள் தராசிலேயே நிறுத்துப் பார்ப்போம்

மார்க்கத் தீர்ப்பு தெளிவாகிவிட்டது. ஆனாலும் ஷைத்தான் கணக்கு பேசித்தான் உள்ளே இழுக்கிறான். எனவே அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு தளம் நல்லதா என்று பார்ப்பவர்கள் பொதுவாக நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்.

முதலாவது, யார் நல்லது என்று சொல்கிறார்கள். யூடியூபிலும் டெலிகிராமிலும் "நம்பிக்கையான தளம்" என்று ஒருவர் சிபாரிசு செய்கிறார், கீழே ஓர் இணைப்பும் தருகிறார். இந்தத் தொழிலில் அப்படி ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குத் தரகு உண்டு. பல தளங்களில் அந்தத் தரகு எப்படிக் கணக்கிடப்படுகிறது தெரியுமா? அந்த இணைப்பு வழியாக வந்தவர்கள் இழக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று. நீங்கள் தோற்றால்தான் அவருக்குக் கூலி. உங்கள் நஷ்டத்தில் பங்கு உள்ளவரிடமா ஆலோசனை கேட்பது?

இரண்டாவது, உரிமம். கரீபியன் கடலில் உள்ள குராசாவ் போன்ற சின்னஞ்சிறு தீவில் பதிவு செய்த உரிமத்தைப் பக்கத்தின் அடியில் போட்டிருப்பார்கள். நீங்கள் வென்ற பணத்தை அவர்கள் தர மறுத்தால், திருச்சியிலும் காயல்பட்டினத்திலும் இருக்கும் நீங்கள் எந்த வாசலில் போய் நிற்பீர்கள்?

மூன்றாவது, போனஸ். "ஆயிரம் ரூபாய் போடுங்கள், நாங்கள் ஆயிரம் தருகிறோம்" என்பார்கள். அடியில் சிறிய எழுத்தில், போனஸைப் போல் 35 மடங்கு விளையாடிய பிறகே பணத்தை எடுக்கலாம் என்றிருக்கும். அதாவது 35,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்ட வேண்டும். நூறு ரூபாய்க்குச் சராசரியாக 96 ரூபாய் திருப்பித் தரும் ஸ்லாட் விளையாட்டு என்றே வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு நான்கு வீதம், 35,000 ரூபாயில் சராசரி இழப்பு 1,400 ரூபாய். அவர்கள் தந்த ஆயிரமும் போய், உங்கள் பணத்தில் நானூறும் போகிறது. இதற்குப் பெயர் அன்பளிப்பா?

நான்காவது, ஆட்டம் நேர்மையானதா. இதைத்தான் எல்லோரும் கடைசியாகக் கேட்கிறார்கள். சரி, முழுக்க நேர்மையான தளம் என்றே ஒப்புக்கொள்வோம். ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய சக்கரத்தில் பூஜ்ஜியம் முதல் 36 வரை மொத்தம் 37 எண்கள். எல்லா எண்களிலும் ஒவ்வொரு ரூபாய் வைத்தால் 37 ரூபாய் ஆகிறது. எந்த எண் வந்தாலும் 35 ரூபாய் லாபமும் நீங்கள் வைத்த ஒரு ரூபாயும் சேர்த்து 36 ரூபாய்தான் கைக்கு வரும். ஒரு ரூபாய் ஒவ்வொரு சுற்றிலும் கடைக்காரருக்கு. இதில் மோசடியே இல்லை. விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். கைப்பேசியில் ஒரு ஸ்லாட் சுற்று சில விநாடிகளில் முடிந்துவிடும். நிமிடத்துக்குப் பத்து சுற்று என்றால் மணிக்கு 600 சுற்று. சுற்றுக்குப் பத்து ரூபாய் என்றால் ஒரு மணி நேரத்தில் 6,000 ரூபாய் பந்தயத்தில் ஓடுகிறது. மூன்று படங்களில் இரண்டு ஒன்றாக வந்து மூன்றாவது மயிரிழையில் தவறியது போலக் காட்டும். மனம் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது, "இதோ வந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த சுற்றுக்கும் முந்தைய சுற்றுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் விரல் நிற்காது.

ஆக, மோசமான தளம் உங்கள் பணத்தை ஒரே நாளில் எடுத்துக்கொள்ளும். நல்ல தளம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். வித்தியாசம் அவ்வளவுதான்.

வென்றால் அது யாருடைய பணம்?

கணக்கைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? தளம் எதையும் விளைவிக்கவில்லை, எதையும் நெய்யவில்லை, யாருக்கும் எதையும் விற்கவில்லை. தோற்றவர்கள் போட்ட பணத்திலிருந்துதான் வந்தது. ஒருவர் தன் மகளின் பள்ளிக் கட்டணத்தைப் போட்டிருக்கலாம். ஒருவர் மனைவியின் நகையை அடகு வைத்துப் போட்டிருக்கலாம்.

"அவரும் சம்மதித்துத்தானே விளையாடினார்?" என்பார்கள். வட்டிக்கு வாங்குபவரும் சம்மதித்துத்தான் வாங்குகிறார். சம்மதம் ஹராமை ஹலாலாக்குவதில்லை. தவிர, அவர் உங்களுக்குக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை, உங்களிடமிருந்து எடுக்கலாம் என்ற ஆசையில்தான் பணத்தை வைத்தார்.

"ரம்மி திறமை விளையாட்டு, அது சூது ஆகாது" என்று சொல்பவர்களும் உண்டு. நீதிமன்றத்தில் அந்த வாதம் ஒரு காலத்தில் எடுபட்டிருக்கலாம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டே, ரம்மியையும் போக்கரையும் அதில் சேர்த்தது செல்லாது என்றது. ஆனால் ஷரீஅத்தின் அளவுகோல் வேறு. ஆடுபவர்கள் ஒவ்வொருவரும் பணம் வைத்து, தோற்றவரின் பணத்தை வென்றவர் எடுத்துக்கொண்டால், மூளையைப் பயன்படுத்தினாலும் அது சூதாட்டம்தான்.

நாட்டுச் சட்டமும் இப்போது அந்தத் திசைக்கு வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல், பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இன்னும் புதிது புதிதாகப் பெயர் மாற்றி வரும் தளங்கள் எப்படிப்பட்டவை என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள். பணத்தை வாங்க அவர்கள் தங்கள் பெயரில் கணக்கு வைப்பதில்லை. நம் பிள்ளைகளிடம் மாதம் இவ்வளவு என்று பேசி வங்கிக் கணக்கை வாடகைக்கு எடுக்கிறார்கள். போலீஸ் வந்தால் வருவது உங்கள் வீட்டு வாசலுக்குத்தான்.

பணத்தோடு போவது

ஷைத்தான் சூதாட்டத்தின் மூலம் இரண்டு காரியங்களை நாடுகிறான் என்று அல்மாயிதாவின் 91-வது வசனம் எச்சரிக்கிறது. உங்களுக்கிடையே பகையை மூட்டுவது ஒன்று. அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுப்பது மற்றொன்று. பணம் போகும் என்பதை அல்லாஹ் அங்கே முதன்மையாகச் சொல்லவில்லை பாருங்கள்.

சூதாட்டம் நுழைந்த வீட்டில் இந்த இரண்டும்தான் நடக்கின்றன. கணவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறான், மனைவி சந்தேகப்படுகிறாள். அண்ணனிடம் பொய் சொல்லிக் கடன் வாங்குகிறான், உறவு முறிகிறது. பாங்கு சொல்கிறார்கள், இன்னும் ஒரு சுற்று என்கிறான். இஷாவுக்குப் பிறகு திறந்த ஆப்பை ஃபஜ்ரில் மூடுகிறான். தஹஜ்ஜுத்துக்கு எழாத கண்கள் சக்கரத்துக்காக விழித்திருக்கின்றன.

தோழனிடம் "வா, சூதாடலாம்" என்று வெறும் வாயால் அழைத்தவரைக்கூட அதற்காக தர்மம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. அழைப்புக்கே பரிகாரம் என்றால், வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பி நூறு பேரை அழைத்தவரின் பொறுப்பு எவ்வளவு? அனுப்பியிருந்தால் இன்றே நீக்குங்கள். அதை நம்பி உள்ளே போனவர்களைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே விழுந்துவிட்டவர்களுக்கு

இதைப் படிக்கும் உங்களில் ஒருவர் ஏற்கெனவே பணத்தை இழந்து, வீட்டில் சொல்ல முடியாமல் இருக்கலாம். சகோதரரே, உங்களைத் திட்டுவதற்காக இந்த பயான் இல்லை. தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது.

இந்த நிமிடமே நிறுத்துங்கள். "விட்ட இடத்தில்தான் பிடிக்க வேண்டும்" என்ற எண்ணம்தான் ஷைத்தானின் கடைசிக் கயிறு. போனது போனதுதான், அதைத் துரத்தாதீர்கள். ஆப்பை நீக்குங்கள், அந்தக் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள், பணப் பரிமாற்றத்தைச் சில காலம் மனைவியிடமோ அத்தாவிடமோ ஒப்படையுங்கள். கடன் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். வென்ற பணம் கையில் மிச்சம் இருந்தால், அதன் உரியவர் யாரென்று தெரியாத நிலையில், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கையைச் சுத்தப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று உலமாக்கள் கூறுகிறார்கள். மோசடியில் பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். நிறுத்த நினைத்தும் முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள். மருந்து தேடுவது தவக்குலுக்கு எதிரானதல்ல.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. உண்மையைச் சொல்ல வந்த பிள்ளையை முதல் வார்த்தையிலேயே விரட்டிவிடாதீர்கள். அவன் எவ்வளவு இழந்தான் என்று கேட்கும் முன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். கடனை அடைக்க உதவினால் பணத்தை அவன் கையில் தராமல், கடன் கொடுத்தவரிடமே நேராகக் கட்டுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கு ஒரு வழி செய்யுங்கள். லோன் ஆப்பும் கேசினோ ஆப்பும் ஒரே கைப்பேசியில் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன.

அன்பிற்கினியவர்களே, அந்த வசனத்தை அல்லாஹ் ஒரு கேள்வியோடு முடிக்கிறான்: நீங்கள் விலகிக்கொள்ள மாட்டீர்களா என்று. அதைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள் விலகிவிட்டோம் என்று பதில் சொன்னார்கள் என வரலாற்றில் வருகிறது. எந்த மது நல்ல மது, எந்தச் சூது நல்ல சூது என்று அவர்கள் விசாரிக்கவில்லை. "இந்தத் தளம் நல்லதா?" என்று இனி யாராவது உங்களிடம் கேட்டால், தளத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் ஏன் கேட்கிறார், என்ன நெருக்கடியில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். அங்கேதான் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

யா அல்லாஹ்! குறைவானாலும் ஹலாலான ரிஸ்க்கில் எங்களுக்கு பரக்கத் செய்வாயாக. எங்கள் பிள்ளைகளின் கண்களையும் கைகளையும் ஹராமை விட்டுப் பாதுகாப்பாயாக. இந்தச் சுழலில் சிக்கியவர்களைக் கரை சேர்ப்பாயாக. அவர்களின் கடன்களை நிறைவேற்றி, பிரிந்த குடும்பங்களை ஒன்று சேர்ப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.