மூச்சடக்கமும் திருவருளும்

உடலைப் பயிற்றுதலால் உயிரைப் பற்றிய மலம் நீங்குமோ என்பது ஆராயத்தக்கது. சீனநாட்டிற் பிறந்த தாய்ச்சி என்னும் பயிற்சி, கைகால்களை மிக மெல்ல இயக்கி, மூச்சையும் கருத்தையும் அவ்வியக்கத்தோடு ஒன்றுவிப்பது. வலிந்து முயலாமையே அதன் உயிர்நிலை. 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனிதகுல மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. நம் திருமூல நாயனாரும் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்தருளினாராதலின், மூச்சை நெறிப்படுத்தல் சைவர்க்குப் புதிதன்று.

ஆயின், மூச்சடங்கிய துணையானே வீடு கைகூடுமோ? இதற்கு விடையை மரக்காணத்து உப்பளங்களிற் காணலாம். ஆங்குத் தொழிலாளர் வரம்பு கட்டி, உவர்நீரைப் பாத்தியிற் பாய்ச்சிக் காத்திருப்பர். நீரை உப்பினின்றும் பிரிப்பது அவர் கையன்று, கதிரவன் வெம்மையேயாம். உப்பு நீரைப் பற்றுவதன்றிக் கடல்வெளியைப் பற்றாதவாறு போல, மலம் உயிரைப் பற்றுவதன்றி இறைவனைப் பற்றாதென்பது சிவஞானபோதத்து ஏழாஞ் சூத்திரத்தில் மெய்கண்டார் காட்டிய உவமை. அவ்வுவமையைச் சிறிது நீட்டின், கதிர்பட்ட நீர் உப்பைக் கீழே விட்டு மேலெழுதல், அருள்பட்ட உயிர் மலத்தின் நீங்குதற்கு ஒப்பாம்.

வரம்பில்லாத பாத்தியில் நீர் நில்லாது. ஆதலின் பயிற்சி வேண்டுவதே. ஆனால், ‘யானே அடக்கினேன்’ என்னுஞ் செருக்கு வெயிலை மறைக்கும் முகிலாகும். தாய்ச்சி வலிந்த முயற்சியை விடுக என்கின்றது. சித்தாந்தமோ முயல்வோனது தற்போதத்தையும் விட்டு அருள்வழி நிற்க என்கின்றது. இவ்வேறுபாடறிந்து பயில்வார்க்கு எந்நாட்டுப் பயிற்சியும் இழுக்கன்று. அறியாதார்க்கு நம் யோகமும் வெறும் வரம்பேயாம்.