சல்லடைக் கண்ணும் பொன்னின் தகுதியும்

ஒரு பொருளின் தகுதியை நாடுவோர், அத்தகுதியோடு இயைபில்லாத பிறிதோர் அளவையால் அதனைப் பிரித்தல் முறையாமோ என்பது ஈண்டு யாம் ஆராயப் புகுந்த வினா. இதற்குப் பொன்னரிப்போர் தங் கையாற் செய்துகொள்ளும் சல்லடையை எடுத்துக்கொள்வாம்.

கலிபோர்னியாவிற் கொலோமா என்னுமிடத்து 1848 சனவரியிற் பொன் காணப்பட்டதன் பின்னர், நீரோட்டத்திற் சாய்த்து வைத்த வாய்க்காற்பெட்டியிற் சரளையையிட்டுப் பொன்னரித்தல் அந்நாட்டிற் பெருவழக்காயிற்று. பெட்டியின் அடியிற் குறுக்குச் சட்டங்கள் உள. பொன் நீரினும் 19 மடங்கிற்கு மேற் கனமுடையது. வெண்கல் மூன்று மடங்கும் நிரம்பாதது. ஆகலின் மணல் ஓடிவிடப் பொன் சட்டத்தின் பின்னே தங்கும். ஆயின் பெருங்கற்களும் உடன் வீழின், அவற்றைத் தள்ளுதற்கு வேண்டும் விரைந்த நீர் நுண்பொன்னையும் அடித்துக்கொண்டு போம். அதுபற்றியே முன்னர்ச் சலித்தல் வேண்டப்படுவதாயிற்று.

செய்முறை எளிது. 5 கேலன் கொள்ளும் பிளாஸ்டிக் வாளியொன்றின் அடியை, ஓரங்குல விளிம்பு நிற்க அறுத்து, அரையங்குலக் கண்ணுடைய கம்பிவலையை அவ்விளிம்பின்மேற் படுத்துத் திருகாணிகளால் முடுக்குக. வலையின் முனைகள் கையைக் கிழிக்கும், மடக்கிவிடல் நன்று. பின்னர் மற்றொரு வாளியின்மேல் இதனை வைத்துச் சரளையிட்டு, நீரில் அமிழ்த்திக் குலுக்குக.

இனி, அச்சல்லடை அறிவது பருமை ஒன்றே. பொன்னை அஃது அறியாது. களிமண் உருண்டையிற் பொன்துகள் ஒட்டியிருப்பின், கையாற் பிசைந்து கரைத்தாலன்றி, அது கல்லோடு கல்லாய் மேலே நின்றுவிடும். பொற்கட்டியும் அவ்வாறே. ஆத்திரேலியாவின் விக்டோரியா நாட்டு மொலியாகுலில், 1869 பிப்ரவரி 5-ஆம் நாள், மண்ணின்கீழ் ஓரங்குல ஆழத்தளவிற் கிடைத்த பொற்கட்டி 60 கிலோகிராமிற்கு மேற்பட்டது. அதனை நிறுக்கத்தக்க தராசு ஆண்டின்மையின், பட்டடையில் வைத்து உடைத்தே நிறுத்தனர். சல்லடையில் விழுந்திருப்பின் அதுவும் கழிவுக்கற்களின் வரிசையிலேதான் நின்றிருக்கும்!

அற்றேல் சல்லடை குற்றமுடைத்தோவெனின், அன்று. என்னை? பருமை பற்றிய பிரிப்பு, கனம் பற்றிய தேர்வுக்கு வழிசெய்தற்கு வந்ததேயன்றித் தானே தீர்ப்பாதற்கு வந்ததன்று. மேலே நின்றதைக் கண்ணாற் பாராது கரையிற் கவிழ்ப்பவன்மேலதே குற்றம். கண்ணின் அளவை இத்துணையென்று குறித்தவனும் அவனேயன்றோ? கருவி தள்ளிற்றென்று அவன் கூறுதல் பொருந்தாது.

இதனை எழுதுங்கால் எமக்கொன்று நினைவிற்கு வருகின்றது. யாண்டு பல முன்னர்ப் பாடங்கேட்க வந்த சிறுவனொருவனை, நன்னூற் சூத்திரங்களைத் தடையின்றி ஒப்பிக்கமாட்டாமை கண்டு, யாம் ஏற்க மறுத்தேம். அன்று யாம் அளந்தது நாவின் விரைவொன்றே. அவன் வேறோர் ஆசிரியர்பாற் கற்றனன். பின்னொருகால் ஓர் அவையில் அவன் எம்மை வணங்கி எழுப்பிய ஐயமொன்றற்கு விடைகூற எமக்கு இரண்டு நாள் வேண்டியிருந்தது.