திருநீறும் திருவேடமும்

திருச்சிற்றம்பலம்

சைவ நன்மக்களே! ஒருவர் கொண்ட கடவுட் கொள்கையை அவர் வாய்திறந்து கூறுமுன்னரே அவரது நெற்றி கூறிவிடுதல் நம் பாரதநாட்டிற்கே உரிய பழைய வழக்காம். வைணவர் ஊர்த்துவபுண்டரமாகத் திருமண்ணை மேனோக்கியிட்டு நடுவே சிவந்த ஸ்ரீசூர்ணம் தீற்றுவர். வெண்கோடுகள் திருமாலின் திருவடிகளையும், செங்கோடு திருமகளையும் குறிக்குமென்ப. அவருள்ளும் தென்கலையார் நாசியடியிற் பாதம் வைத்திடுவர். வடகலையார் அதுவின்றி வளைத்திடுவர். மாத்துவர் கோபிசந்தனத்தோடு கரிக்கோடும் அட்சதைப் பொட்டும் தரிப்பர். கன்னடநாட்டு வீரசைவர் திருநீற்றை அஷ்டாவரணங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றுவர். இவை ஒவ்வொன்றும் அவ்வவர் கோட்பாட்டின் சுருக்கமேயாதலின் எதனையும் இகழ்தல் நமக்கு முறையன்று. நமக்குரியது திரிபுண்டரம். அதன் பொருளும், அதனை அணிந்தார் திறத்து நாம் ஒழுகவேண்டிய நெறியும் யாவை என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

திருநீற்றிற்கு விபூதி, பசிதம், பற்பம், க்ஷாரம், இரட்சை எனப் பெயர்கள் ஐந்துள. அழிவில் செல்வத்தைத் தருதலின் விபூதி. ஒளியைத் தருதலின் பசிதம். பாவங்களை நீறாக்குதலின் பற்பம். மலமாசினைக் கழுவுதலின் க்ஷாரம். துன்பங்களினின்று காத்தலின் இரட்சை. ஆக்கும் முறைபற்றிக் கற்பம், அநுகற்பம், உபகற்பம், அகற்பம் என நால்வகைப்படும். நோயற்ற பசுவின் சாணத்தை நிலத்தில் விழாமுன் ஏற்று, ஐம்பிரம மந்திரங்களோடு விதிப்படி சுட்டெடுத்தது கற்பம். காட்டில் உலர்ந்து கிடந்த சாணத்தைக் கொண்டு ஆக்கியது அநுகற்பம். காட்டுத்தீ முதலியவற்றால் இயல்பாக வெந்த நீற்றைக் கொண்டு அமைத்தது உபகற்பம். விதியின்றி ஆயது அகற்பம், அது கொள்ளத்தக்கதன்று. இக்காலத்து அங்காடிகளிற் சாணமே சேராத வெண்பொடிகளும் திருநீறென்னும் பெயரால் விலையாகின்றன. அவற்றை நால்வகையுள் எதனுள் அடக்குவதென்பது எமக்கு விளங்கவில்லை.

இனி, இதன் உட்பொருளைக் காண்பாம். பசு என்னும் சொல் ஆவினையும் உணர்த்தும், ஆன்மாவினையும் உணர்த்தும். ஆவின் மலம் தீயில் வெந்து வெண்ணீறாதல்போலப் பசுவாகிய ஆன்மாவைப் பற்றிய ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களும் ஞானத்தீயில் வெந்தொழிதல் வேண்டும் என்பதே அதன் குறிப்பு. அற்றேல், தீயில் வெந்தபின்னும் நீறு எஞ்சி நிற்கின்றதன்றோ? மலம் முற்றும் இல்லாதொழிந்தது என்பதற்கு அஃது எங்ஙனம் அடையாளமாம் எனின், நன்று கடாயினீர். சித்தாந்தத்தின் நுட்பம் இவ்விடத்தே விளங்கும். உள்ளது இல்லதாகாது என்பது நம் சற்காரியக் கொள்கை. ஆணவம் அநாதி, அது முத்தியிலும் அழிந்தொழிவதில்லை, அதன் மறைக்கும் ஆற்றலே கெட்டு அடங்குகின்றது. சாணம் நீறாயபோது ஈரமும் நாற்றமும் நீங்குகின்றன, புழுத்தற்கிடமில்லை, மீட்டும் பற்றி எரிதலுமில்லை. பொருள் நின்றது, அதன் தீங்கு நின்றிலது. ஆற்றல் கெட்ட மலத்திற்கு இதனினும் பொருந்திய உவமை வேறுண்டோ? ஆகலின் திருநீறு சைவர் நெற்றியில் எழுதிய சித்தாந்த சூத்திரம் என்றே கொள்க.

மூன்று கோடுகளுக்கும் பொருள் பல கூறுப. காலாக்கினி ருத்திர உபநிடதம் அவற்றை முத்தீயாகவும், பிரணவத்தின் மூன்றெழுத்தாகவும், இச்சை ஞானம் கிரியை என்னும் முச்சத்திகளாகவும் வைத்துரைக்கும். தரிக்குங்கால் வடக்கேனும் கிழக்கேனும் நோக்கியிருந்து, நிலத்திற் சிந்தாவண்ணம் அண்ணாந்து, திருவைந்தெழுத்தை நினைந்து, வலக்கை நடுவிரல் மூன்றாலும் இடுதல் மரபு. கோடுகள் வளையாமலும் இடையறாமலும் ஒன்றையொன்று தீண்டாமலும் இருத்தல் வேண்டும். சிரம், நெற்றி, கழுத்து, மார்பு, கொப்பூழ், முதுகு என்னும் ஆறும், புயம், முழங்கை, மணிக்கட்டு, விலா, முழந்தாள் என்னும் ஐந்தும் இவ்விரண்டாகப் பத்தும் ஆகப் பதினாறிடம் திரிபுண்டரத்திற்கு உரியன. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) இவற்றைச் சைவ வினாவிடையில் இளஞ்சிறாரும் உணர விளக்கியிருத்தலின் யாம் ஈண்டு விரித்திலம்.

இனி ஒரு தடை எழும். அகத்தே ஞானத்தீ எரியாதார் புறத்தே நீறு பூசுதலாற் பயன் யாது? வஞ்சகரும் அதனை அணிகின்றனரே எனின், அவ்வினாவைச் சேக்கிழார் பெருமான் மறைத்தாரல்லர். பெரியபுராணத்தில் தாமே எதிர்கொண்டார். முத்தநாதன் மெய்யெல்லாம் நீறு பூசி, புத்தகமுறையில் வாளினை மறைத்துவந்து மெய்ப்பொருள் நாயனாரைக் குத்தினான். நாயனார் வீழும்போதும் அவ்வேடத்தையே மெய்ப்பொருளெனத் தொழுதார். தத்தனை விடுத்து, அவனை ஊறின்றி ஊர்கடத்திய செய்தி கேட்குமளவும் உயிர்தாங்கி நின்றார். அதிசூரன் பரிசையால் நெற்றியை மறைத்துச் சென்று, அண்மையிற் சென்றபோது திருநீற்றைக் காட்டினான். ஏனாதிநாதர் பொருதற்கு ஒருப்பட்டிலர். ஆயினும், படையில்லாதாரைக் கொன்றான் என்னும் பழி அவனுக்கு எய்தலாகாதென்று கருதி வாளும் பலகையும் விடாது எதிர்ப்பார்போல நின்றார். பகைவனுக்கு வரும் பழிக்கும் இரங்கிய அவ்வுள்ளமே நீற்றின் பொருள். வேடமிட்டவனுக்கு வேடம் சான்றாகவில்லை. கண்டவரது அன்பிற்கே அது சான்றாயிற்று.

இவ்வுண்மையை யாம் நூலில் பன்முறை ஓதியும் நெடுங்காலம் உணர்ந்திலேம். எம் இளமையில் ஒருகால், ஓர் ஊர்த் திருக்கோயிலிற் சேரமான் பெருமாள் நாயனார் வரலாற்றை விரித்துரைத்தோம். முடிசூடி யானைமீது உலாப்போந்த சேரமான், உவர்மண் சுமந்துவந்த வண்ணான் ஒருவனது உடல் மழையில் நனைந்து வெளுத்திருத்தலைக் கண்டு, திருநீற்றுக் கோலமென நினைந்து இறங்கித் தொழுத பகுதியைச் சொல்லுங்கால் எமக்குக் கண்ணீர் பெருகிற்று, அவையோரும் உருகினர். மறுநாட் காலை, பட்டுக்கரை வேட்டியுடுத்து, பதினாறிடத்தும் குழைத்திட்டு, திருச்சுற்றில் வலம் வந்தேம். மதிலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரது மட்டையிலிருந்து சுண்ணாம்புநீர் எம் வேட்டியில் தெறித்தது. பலர் கேட்ப அவரைக் கடிந்து பேசினேம். அவர் ஏணியினின்றிறங்கி, ‘பிழை பொறுக்கணும் ஐயா’ என்று கைகுவித்து நின்றார். அவரது நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் சுண்ணாம்பு உலர்ந்து வெண்கோடுகளாய் விளங்கிற்று. யாம் அதனைக் கண்டேம், ஆயினும் கண்டிலேம். மாலையில் நீரிடுவதற்குக் கண்ணாடிமுன் நின்றபோதுதான் முதல்நாட் சொன்ன வரலாறு நினைவிற்கு வந்தது. ஓடிச் சென்று தேடினேம்; பணிமுடிந்து அவர் போய்விட்டார். அவரது ஊரும் பெயரும் உரைப்பாரிலர். அக்குறை இன்றளவும் தீர்ந்திலது.

ஆணவம் நீறாயிற்று என்று நெற்றியில் எழுதிக்கொண்டே ஆணவத்தாற் சினந்தேம். நீறு பொய்யன்று, யாமே பொய்யேம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம், தன் 12ஆம் சூத்திரத்தில், மலம் கழுவிய ஞானியரையும் அடியாரொடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே வழிபடுமாறு பணிக்கின்றது. முடிந்த நிலையினருக்கும் இவ்விதி எற்றுக்கெனின், ஆற்றல் கெட்ட மலம் வாசனையாய்த் தலையெடுக்கவும் கூடும். பிறரை வணங்கும் வணக்கமே அதனை அடக்கும். ஞானியர்க்கே அங்ஙனமாயின், மலம் சிறிதும் வேவாத நம்மனோர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகலின் மெய்யன்பர்களே, இரண்டினைக் கடைப்பிடிமின். பிறர் நெற்றியிற் காணும் நீறு வணங்குதற்குரியது. அவரது தகுதியை ஆராயற்க. நம் நெற்றியிற் காணும் நீறு நம்மை வினவுதற்குரியது; அதன்முன் நம் தகுதியை ஆராயாதிருத்தலும் ஒழிக. இவ்விரண்டனையும் மாறிச் செய்வதே நம் பெரும்பிழை. நீறிடும்போதெல்லாம், இன்று எவரெதிரில் நாம் தலை தாழ்த்தத் தவறினோம் என்று ஒருகணம் நினைமின். வெள்ளையடித்த அம்முதியவரை நினைந்தே யாம் நாள்தோறும் நீறிடுகின்றேம். அவர் எங்கிருப்பினும் அவர் திருவடிக்கு எம் வணக்கம் உரியதாகுக.

திருச்சிற்றம்பலம்