அக்கினியும் அவனை எதிர்ப்போரும்

பம்பாய் நகரில் பார்ஸி மக்களின் தலையாய அக்கினி ஆலயங்கள் நான்கு உண்டு. அவற்றுள் மிகப் பழையது 1783-இல் பிரதிஷ்டையானது. அவ்வகை ஆலயங்களில் வளரும் தீ ஓர் அடுப்பிலிருந்து எடுத்து வைத்த தீயன்று. குயவனுடைய சூளை, தட்டானுடைய உலை, பிணத்தை எரித்த சிதை, இடி விழுந்து பற்றிய மரம் என இவ்வாறு 16 வகை நெருப்பைத் தேடித் திரட்டி, ஒவ்வொன்றையும் பல முறை சுத்தி செய்து, பின்னர் ஒன்றாய்க் கூட்டி வளர்த்த தீ. அதனை அணைய விடாமல் காப்பதே அங்குள்ள குருமார்களின் வாழ்நாட் கடமை. அதே நகரில், பைகுல்லா என்னும் பகுதியில், நெருப்பை அணைப்பதையே வாழ்நாட் கடமையாகக் கொண்ட வேறொரு கூட்டத்தாரின் தலைமை நிலையம் இருக்கிறது. நெருப்பு தெய்வமென்றால், மணியடித்தவுடன் நீர்க்குழாயை எடுத்துக்கொண்டு அதன்மீது பாய்கிறவனை என்னவென்று சொல்வது?

நம்முடைய இதிகாசங்கள் இக்கேள்விக்கு எளிதில் விடை தரமாட்டா. காண்டவ வனத்தை அக்கினி உண்ணப் புகுந்தபோது, மழை பொழிந்து அணைக்க வந்தவன் இந்திரன். அந்த மழையை அம்புகளால் தடுத்து நின்றவன் அர்ஜுனன். அவனுக்குத் துணை நின்றவனோ கண்ணபிரான். பாரதத்தில் தீயணைக்க வந்தவன் தோற்றுத் திரும்பினான் என்பதை நம் கதாகாலக்ஷேபக்காரர்கள் ஏனோ விரித்துப் பேசுவதில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரையைப் பற்றிய தீயோ ஆளறிந்து பற்றிய தீ. குழந்தைகளையும் முதியோரையும் அறவழி நின்றோரையும் விட்டுவிடும்படி கண்ணகி அதற்குக் கட்டளையிடுகிறாள். நல்லார் பொல்லார் என்று பார்த்துப் பற்றும் நெருப்பு காவியத்தில் மட்டுமே எரிகிறது.

1944 ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய் விக்டோரியா துறையில் எரிந்தது அத்தகைய நெருப்பன்று. ‘போர்ட் ஸ்டிகீன்’ என்ற சரக்குக் கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்தும், அதன் கீழ்த்தளத்தில் கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும், இவை போதாவென்று இங்கிலாந்திலிருந்து வந்த தங்கக் கட்டிகளும் இருந்தன. அபாயச் சரக்கு உள்ளது என்பதற்கு அடையாளமாகப் பறக்கவேண்டிய செங்கொடி அக்கப்பலில் பறக்கவில்லை. பிற்பகலில் பஞ்சு புகையக் கண்டு தீயணைப்புப் படையினர் வந்தனர்; கப்பலை மூழ்கடிக்கலாமா, கடலுக்கு இழுத்துச் சென்றுவிடலாமா என்று அதிகாரம் படைத்தவர்கள் கலந்து பேசி ஒரு முடிவுக்கும் வாராதிருந்த அந்த இரண்டு மணி நேரம் முழுவதும், அதிகாரம் ஒன்றும் இல்லாத அவர்கள் நீரை இறைத்துக்கொண்டே இருந்தனர். மாலை 4 மணி 6 நிமிஷத்துக்குக் கப்பல் வெடித்தது; அரை மணி கழித்து மற்றொரு முறை வெடித்தது. மாண்டவர் பல நூற்றுவர். அவருள் 66 பேர் தீயணைப்புப் படையினர்.

இதனை வேள்வி என்று சொல்லிவிடுவது மேடைப் பேச்சாளருக்குச் சுலபம். எனக்கு மனம் வரவில்லை. கொடியை ஏற்றாதவனுடைய பிழையும், பஞ்சின்மேல் வெடிமருந்தை வைக்க ஒப்பியவனுடைய பிழையும் அந்தப் பெரிய சொல்லின் நிழலில் ஒளிந்துகொள்ளும். அன்றியும், வேள்விக்குச் சங்கல்பம் வேண்டும். இன்ன தேசத்தில், இன்ன காலத்தில், இன்ன பயன் கருதி, இன்னான் ஆகிய நான் இதனைச் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிய பிறகே சிறு பூஜையும் நம்மிடையே தொடங்குகிறது. கப்பலின் வயிற்றில் இருந்தது இன்னதென்று அந்த 66 பேரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அறியாமல் போன உயிரைத் தியாகம் என்பது தகுமா?

நெடுநாள் என்னை உறுத்திய இந்த ஐயத்துக்கு நான் கண்ட சமாதானம் இது: அவர்களுடைய சங்கல்பம் கப்பலின் மேல்தளத்தில் நிகழவில்லை; படையில் சேர்ந்த அன்றே நிகழ்ந்துவிட்டது. ஆனால் அந்தச் சங்கல்பத்தில் தேசமும் காலமும் சொல்லப்படவில்லை; எவன் வீடு, என்ன பயன் என்பனவும் இல்லை. அவ்விடங்களை வெறுமையாக விட்டுக் கையெழுத்திட்டுக் கொடுப்பதே அத்தொழில்.

அவ்விடங்களை நிரப்பிப் பார்க்க மனிதன் முயலாமல் இல்லை. பண்டை ரோமாபுரியில் கிராஸஸ் என்னும் செல்வன், எரிகிற வீட்டையும் அதனை அடுத்த வீட்டையும் உடையவர்களின் அச்சத்தைக் கண்டு சொற்ப விலைக்கு வாங்கிக் குவித்தான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். பின்னர் கி.பி. 6-இல் அகஸ்டஸ் சக்கரவர்த்தி, விடுதலை பெற்ற அடிமைகளைக் கொண்டு 7 பிரிவுகள் உள்ள படை ஒன்றை அமைத்தபோதுதான் அந்நகரின் தீ பொதுக்காரியம் ஆயிற்று. லண்டனிலோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலும் சொத்தைக் காக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்திய படையும், மாடியில் சிக்கிய மனிதரை இறக்க ஏணிகளை வைத்துக்கொண்டு காத்திருந்த ஒரு தர்ம சங்கமும் தனித்தனியே இருந்தன. பண்டசாலைக்குச் சம்பளமும் உயிருக்கு நன்கொடையும்! 1861-இல் டூலி வீதிப் பண்டசாலைகள் பற்றியெரிந்து, படைத்தலைவர் பிரெய்ட்வுட் சுவர் சரிந்து மாண்டு, கம்பெனிகள் தங்களால் இயலாதென்று கைவிரித்த பின்னரே, 1866-இல் அக்காரியம் நகரத்தின் பொதுப்பொறுப்பானது.

இப்படிக் கூலி வாங்கித் தீயணைப்பவனுக்குத் தியாகம் ஏது என்று கேட்பவர்கள், பாரதத்தில் கௌசிக முனிவருக்கு ஞானம் புகட்டிய தர்மவியாதன் இறைச்சிக் கடையில் காசு வாங்கிக்கொண்டுதான் இருந்தான் என்பதை நினைத்தல் நலம்.

பம்பாய்த் துறையில் வெடித்த அக்கப்பலிலிருந்து சிதறிய தங்கக் கட்டிகளுள் ஒன்று தொலைவிலிருந்த ஒரு வீட்டின் கூரையைப் பிளந்துகொண்டு விழுந்ததென்றும், வீட்டுக்குரியவர் அதனை உரியவர்களிடம் சேர்ப்பித்தாரென்றும் சொல்வார்கள். ஏனையவற்றைச் சேற்றிலிருந்து எடுத்து எண்ணிக் கணக்குப் பார்க்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. ஏப்ரல் 14 பெரும்பாலும் நம் சித்திரை முதல் நாளாகவும் அமைந்துவிடுகிறது. நம் இல்லங்களில் வேப்பம்பூப் பச்சடியும் பஞ்சாங்க படனமுமாக இருக்கும் அந்தக் காலைப்பொழுதில், தீயணைப்பு நிலையங்களில் அந்த 66 பேரை நினைத்துச் சிறிது நேரம் மௌனமாக நிற்கிறார்கள். அதற்குள் மணியடித்தால் மௌனத்தைப் பாதியில் விட்டு வண்டியில் ஏறிவிடுவார்கள்.