இது யாரு பெட்டி?

பஸ்ஸில் போய்க்கொண்டு இருக்கிறீர்கள். பக்கத்து ஸீட்டில் ஒரு பை. ஆளைக் காணோம். என்ன செய்வீர்கள்? கண்டக்டரைக் கூப்பிடுவீர்களா? திறந்து பார்ப்பீர்களா? இல்லை, 'நமக்கெதுக்கு வம்பு' என்று அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கிவிடுவீர்களா?

நான் மூன்றாவது ரகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ரகத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் கதைதான் இது.

அன்று காலை அக்கா பையன் வந்து நின்றான். இன்ஜினீயரிங் படிக்கிறான். "மாமா, மீனம்பாக்கம் பக்கத்துல ஒரு புதையல் இருக்கு. வர்றீங்களா?"

"தங்கமா?"

"சும்மா ஒரு டப்பா. பிளாஸ்டிக் டப்பா."

பிளாஸ்டிக் டப்பாவைத் தேடி மீனம்பாக்கம் போவதா? எங்கள் வீட்டு சமையலறையிலேயே நாற்பது இருக்கிறது! ஆனாலும் போனேன்.

அந்த விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் வெளியிடுவார். செல்போனில் இருக்கும் ஜி.பி.எஸ். உதவியோடு மற்றவர்கள் தேட வேண்டும். உள்ளே ஒரு சின்ன நோட்டு, சில பொம்மைகள், காசுகள் இருக்கும். கண்டுபிடித்தவர் நோட்டில் பெயரை எழுதலாம். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால், எடுத்தால் அதே மதிப்புக்கோ அதற்கு மேலோ ஒன்றை வைக்க வேண்டும். டப்பாவை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். இப்படி உலகம் முழுக்க 30 லட்சம் டப்பாக்களுக்கு மேல் ஒளிந்துகிடக்கின்றன!

நான் பி.காம். படித்தவன். உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கூடவே, இரண்டையும் சரிபார்க்க ஒரு ஆடிட்டரும் வேண்டும் என்று சொன்னார்கள். இங்கே ஆடிட்டர் கிடையாது. காமிரா கிடையாது. யாரோ ஒருவர் வைத்ததை யாரோ ஒருவர் எடுக்கிறார். கணக்கு எப்படி டேலி ஆகும்?

பையன் சிரித்தான். "பெரும்பாலும் டேலி ஆகுது மாமா."

இடத்தைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விளையாட்டு கெட்டுவிடும். விமான நிலைய வளாகத்துக்கு வெளியே, நன்றாகத் தள்ளி, தலைக்கு மேலே விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும் ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் புதரையும் கல்லையும் கிளறினோம். கடைசியில் ஒரு மரத்தின் வேர் இடுக்கில் டப்பா இருந்தது. மேலே இங்கிலீஷில் ஒரு ஸ்டிக்கர்.

உள்ளே மடித்துவைத்த ஒரு தாள். சென்னையின் விமானக் கதை. மவுன்ட் ரோடில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்ஸன் கம்பெனி உதவியோடு சொந்தமாக ஒரு விமானம் கட்டி 1910-ல் மெட்ராஸில் பறந்து காட்டியது... 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்துவர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தது... படிக்கப் படிக்கச் சுவையாக இருந்தது. ஒட்டிய கவர்கள் அடங்கிய மூட்டையை, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல், ஒரு மனிதர் உயிரைப் பணயம்வைத்துத் தூக்கி வந்திருக்கிறார்!

"என்ன சார் தோண்டுறீங்க அங்க?"

திரும்பினேன். எதிரே டீக்கடை வைத்திருக்கும் பெரியவர். அறுபத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு கழி. முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒண்ணுமில்லை பெரியவரே... ஒரு விளையாட்டு."

"ஏர்போர்ட் பக்கத்துல பொட்டி வெச்சு வெளையாட்டா? போலீஸுக்கு போன் போட்டுடுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வயதைத் தாண்டிய, மூக்குக்கண்ணாடி போட்ட, வருமான வரி ஒழுங்காகக் கட்டுகிற என்னைப் பார்த்தா? பையன் ஸ்டிக்கரைக் காட்டினான். "இதுலயே எழுதியிருக்கு தாத்தா, படிங்க."

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுப்பா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எம்பத்தி நாலுல எனக்கு இருவத்தஞ்சு வயசு. ராத்திரி பதினோரு மணி இருக்கும். டமார்னு ஒரு சத்தம். பிளேன்தான் விழுந்துடுச்சுன்னு ஓடுனோம். பிளேன் இல்ல சார்... சூட்கேஸு. யாரோ விட்டுட்டுப் போன சூட்கேஸு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 1984 ஆகஸ்ட் 2. கொழும்பு விமானத்துக்கு என்று பதிவான பெட்டிகள். பதிவு செய்தவர் விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகள் மீனம்பாக்கத்திலேயே நின்றுவிட்டன. இரவில் வெடித்தன. முப்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அவர்களில் இலங்கைப் பயணிகள் பலர். டப்பாவில் இருந்த தாளில் 1910 இருந்தது, 1932 இருந்தது. 1984 இல்லை. அது இந்தப் பெரியவரிடம் இருந்தது.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் கேட்டது சரிதானே?

அப்படியானால், சந்தேகப்படுவதுதான் புத்திசாலித்தனமா? அவசரப்படாதீர்கள். இன்னொரு கதையையும் கேளுங்கள். மீனம்பாக்கத்துக்கு 11 மாதம் முன்னால் நடந்தது.

1983 செப்டம்பர் 1. நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாக சியோலுக்குப் போன கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்துவிட்டது. அது உளவு விமானம் என்று முடிவு கட்டினார்கள். போர் விமானம் ஏவுகணை வீசியது. 269 பேர். ஒருவர்கூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகுதான், அமெரிக்க ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். தயாரானதும் அதை உலகத்து மக்கள் எல்லோருக்கும் இலவசமாகத் தருவோம் என்று அதிபர் ரீகன் அரசு அறிவித்தது. இனி ஒரு விமானம் வழி தவறக் கூடாது என்பதற்காக! அப்படியும் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே சுமார் 100 மீட்டர் வரை பிசகவைத்துத்தான் கொடுத்தார்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிசகை அதிபர் கிளின்டன் எடுத்துவிட்டார். உடனே, மே 3-ம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டு ஒளித்துவைத்து, 'முடிந்தால் கண்டுபிடியுங்கள்' என்றார். அதுதான் முதல் ஜியோகேஷ்.

ஆக, எங்கள் கையில் இருந்த டப்பாவின் பூர்வீகத்தைத் தோண்டினால் கீழே கிடப்பது 269 உயிர்.

யோசித்துப் பாருங்கள். ஒரு வருஷம் சந்தேகம் கொன்றது. அடுத்த வருஷம் சந்தேகப்படாதது கொன்றது. இப்போது சொல்லுங்கள், ஆளில்லாத பையைப் பார்த்தால் என்ன செய்வது?

வள்ளுவர் இதற்கென்றே ஒரு அதிகாரம் வைத்திருக்கிறார். ஆராயாமல் நம்புவதும் தப்பு, ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் தப்பு என்கிறார். அந்த 'ஆராய்ந்து' என்ற இடத்தைத்தான் நாம் தாண்டிக் குதித்துவிடுகிறோம். எதிர் ஃப்ளாட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வருகிறது. நாம் போய் "எந்த ஊருங்க?" என்று கேட்பதில்லை. கதவில் இருக்கும் ஓட்டை வழியாகப் பார்க்கிறோம். வாட்ச்மேனிடம் விசாரிக்கிறோம். ஒரு வாரத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தப் பெரியவர் அப்படிச் செய்யவில்லை. முதலில் போலீஸுக்கு போன் போடவில்லை. 'நமக்கெதுக்கு வம்பு' என்று கடைக்குள் போகவும் இல்லை. நேரே வந்து கேட்டார். கேட்பதற்கு இரண்டு நிமிஷமும் கொஞ்சம் தைரியமும் போதும். எனக்கு நேரமில்லை என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் பொய். தைரியம்தான் இல்லை.

ஆனால், கணக்கில் எப்போதும் இரண்டு பக்கம் உண்டு. கேட்கிறவருக்குக் கடமை இருப்பதுபோல வைக்கிறவருக்கும் இருக்கிறது. இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் 2011-ல் இப்படித்தான் ஒரு டப்பாவைப் பார்த்துப் பயந்து, ராணுவ நிபுணர்கள் வந்து வெடிக்கவைத்து அழித்தார்கள். உள்ளே இருந்தது விளையாட்டுச் சாமான். வைத்தவர் மனசு சுத்தம். அது பார்த்தவருக்கு எப்படித் தெரியும்? என் மனசு எனக்குத் தெரியும் என்பது போதாது. அக்கம்பக்கத்தாருக்குத் தெரிகிற மாதிரி அதை எழுதி ஒட்ட வேண்டும். அவர்களுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில்.

மீனம்பாக்கத்து டப்பா மேல் ஒட்டியிருந்தது இங்கிலீஷ். எதிரே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் தமிழ் மட்டும் படிக்கிறவர். யாருக்காக ஒட்டிய ஸ்டிக்கர் அது?

பையன் புரிந்துகொண்டான். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழிக்கப்போனவன், அது பொதுச் சொத்து என்று விட்டுவிட்டு, தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். 'இது ஒரு விளையாட்டு டப்பா. ஆபத்து எதுவும் இல்லை. யாரும் திறந்து பார்க்கலாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினான். டேப்புக்கு டீக்கடைக்குத்தான் போனோம். பெரியவர் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தார். வைத்தவருக்கும் செல்போனில் ஒரு தகவல் அனுப்பினான்: 'எதிர்க்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.'

பெரியவர் டப்பாவை வாங்கி, அந்த மூன்று வரியையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த ஒரு குட்டி பிளாஸ்டிக் விமானத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார்.

"எடுத்துக்கங்க தாத்தா, பேரனுக்கு ஆகும். பதிலுக்கு நாங்க ஏதாவது வெச்சுடறோம்" என்றான் பையன்.

"வேணாம்பா. தேடி வர்ற புள்ளைங்க யாராச்சும் எடுக்கட்டும்" என்றவர் என்னைப் பார்த்தார். "ஆனா சார், நாளைக்கு வேற யாரு வந்து இங்க தோண்டினாலும், நான் கேக்கத்தான் செய்வேன்."

கேளுங்கள் என்றேன். வேறென்ன சொல்ல?

சரி, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? எதிர் ஃப்ளாட்காரர் பெயர் என்ன?